கொக்கியில் தொங்காத பன்றி

டெல்ஃபீனா லோங்கோரியா முதலில் கண்டது குளம்புகளைத்தான். ஓடைப்பக்கத்து வேலியோரம், பனி படிந்த புல்லில், கட்டைவிரல் நகம் அளவில் சின்னச் சின்னக் குளம்புகள் சிதறிக் கிடந்தன. முந்தின நாள் மாலை பட்டியில் பதினோரு ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. இப்போது தோல் இல்லை, எலும்பு இல்லை, குடல்கூட இல்லை. காட்டுப்பன்றி ஆட்டுக்குட்டியைத் தின்றால் வேறு எதையும் மிச்சம் வைக்காது.

வேலிக்கு உட்பக்கம் ஒரு கறுப்பு ஆடு படுத்திருந்தது. அது ஈன்றுகொண்டிருந்தபோதே வந்திருக்கின்றன. பாதி வெளியே வந்திருந்த குட்டியைப் பிடித்து இழுத்திருக்கின்றன. குட்டியோடு சேர்ந்து தாயின் பின்பக்கமும் கிழிந்து போயிருந்தது. ஆடு இன்னும் உயிரோடு இருந்தது. டெல்ஃபீனாவைப் பார்த்ததும் வழக்கம்போல் தீவனம் கேட்டு மெல்லக் கத்தியது.

அவள் மண்டியிட்டாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, ஆட்டின் தாடையைப் பின்னுக்கு வளைத்து, ஒரே இழுப்பில் முடித்தாள். இருபத்தைந்து வருடமாக அவள் செய்துவரும் வேலை அது. ஆனால் எழுந்து நின்றபோது பல்லை எவ்வளவு இறுக்கிக் கடித்திருந்தாள் என்றால், கடைவாயில் ரத்த ருசி தட்டியது.

தெற்கு டெக்சாஸின் முள்காட்டில் லாஸ் கோமாஸ் என்ற சிற்றூர். அங்கே தோன் மெலித்தோன் என்பவரின் கசாப்புக் கடையில் வெட்டும் மேசை அவளுடையது. பண்ணைக்காரர்கள் மாட்டையும் பன்றியையும் உயிரோடு கொண்டுவந்து விடுவார்கள். வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டுத் தூக்கி வருவார்கள். குத்துவது, தொங்கவிடுவது, தோலுரிப்பது, பிரிப்பது எல்லாம் அவள் கைதான். நாற்பத்து நான்கு வயது. உயரம் குறைவு. தோள் மட்டும் சுமைதூக்கியின் தோள் மாதிரி அகலம். அரை மாட்டை ஒற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளிர் அறைக்குள் நடப்பாள்.

இந்தக் கடைக்கு வருமுன் பத்தொன்பதாவது வயதில் ஒரு பெரிய இறைச்சி ஆலையில் சேர்ந்திருந்தாள். அங்கே தாச்சோ என்றொரு மேஸ்திரி. புதிதாக வரும் பெண்களைக் குளிர் அறைக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே தானும் போவான். கதவு தடிமனானது, உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. டெல்ஃபீனாவின் முறை வந்தது. அவள் கத்தவில்லை. அவன் ஒரு கையால் அவள் வாயைப் பொத்தி, மறு கையை வெட்டுப்பலகையில் ஊன்றியபோது, எலும்பெடுக்கும் கத்தியை அந்த உள்ளங்கையின் நடுவில் இறக்கினாள். கத்தி பலகை வரை போய் நின்றது. அவனை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, கையுறையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, வேலைநேர அட்டையில் முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை போனது அவளுக்கு. தாச்சோவுக்குப் போகவில்லை.

தோன் மெலித்தோன் இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்தார். ஆனாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பன்னி குத்தத் தெரியுமா?"

"பன்னியைக் காட்டுங்க" என்றாள். அன்றிலிருந்து அங்கேதான்.

எண்ணெய்க் கிணறுகளுக்கு லாரி ஓட்டும் ரொஹேலியோ லோங்கோரியாவைக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டு வாரம் வெளியே, இரண்டு வாரம் வீட்டில். லோங்கோரியா வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் வேட்டைப் பித்து. டெல்ஃபீனாவுக்கு மட்டும் அந்தப் பக்கம் மனசே போனதில்லை. "வாரத்துல அஞ்சு நாள் கொல்றேன். ஞாயித்துக்கிழமையும் எதுக்கு?" என்பாள்.

அந்தக் காலை அவள் குளம்புகளை ஒரு வாளியில் பொறுக்கிப் புதைத்துவிட்டு, நேரே கொழுந்தன் சோன் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

சோன் வேலி போட்டுப் பிழைப்பவன். வளர்ந்தவன், ஒல்லி, கழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் வளர்ந்தவன். ஏழு நாய்களை வைத்துக்கொண்டு சுற்று வட்டாரமெல்லாம் பன்றி பிடித்துக் கொடுப்பான். அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"நான் நாயைக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன், அண்ணி. நீங்க அடுப்பை மூட்டி வைங்க, கறியோட வர்றேன்."

"நானும் வர்றேன்."

"நீங்களா? அண்ணி, உங்க கடைப் பன்னி வரிசையில வந்து நின்னு கழுத்தை நீட்டும். காட்டுப் பன்னி நம்ம கழுத்தைப் பாக்கும்."

"எனக்குக் கழுத்தே கிடையாதுடா. உன் கொக்குக் கழுத்தைப் பத்திக் கவலைப்படு."

வாசலில் நின்று மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்த சோனின் மனைவி அம்பாரோ வாய்விட்டுச் சிரித்தாள். "கூட்டிட்டுத்தான் போயேன். உன் நாய்ங்களாட்டம் இல்ல, அவங்க சொன்னா கேப்பாங்க."

சோன் இரண்டு வாரம் அவகாசம் கேட்டான். துப்பாக்கி பழகாத கையைப் புதருக்குள் கூட்டிப்போக மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அதில் அவன் விளையாடவில்லை.

அன்று மாலையே ரொஹேலியோ போன் செய்தான். "நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"குட்டிங்க பொறுக்கலையே" என்றாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, துப்பாக்கிப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னான்.

முதல் நாள் துப்பாக்கியின் பின்கட்டைத் தோளில் சரியாகப் பொருத்தாமல் சுட்டாள். அது திமிறி வந்து கன்னத்தில் அறைந்தது. உதடு பிளந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி எடுத்தாள். மூன்றாம் நாள் தோள் முழுக்க நீலம் பாரித்துவிட்டது. கடையில் மாட்டுத் தொடையைத் தூக்கும்போது முனகினாள். வேலைக்கு வந்திருந்த பெண்கள், "புருஷன் ஊர்ல இல்லையே, யாரு அடிச்சது?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கடையில் இறைச்சி சுற்றும் பழுப்புத் தாளில் ஆளுயரத்துக்கு ஒரு பன்றியை வரைந்து, வைக்கோல் கட்டில் ஒட்டி வைத்தாள். வெறும் உருவம் இல்லை. எலும்பு, நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. சோன் வந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"இதயத்தை ரொம்ப முன்னாடி போட்டுட்டீங்க. தோளுக்குப் பின்னால வரணும்."

"அது மானுக்கு. பன்னிக்கு முன்னங்காலுக்கு நடுவுல, அடியில கெடக்கும்."

"இருபது வருஷமா சுடறேன் அண்ணி."

மறுநாள் கடையிலிருந்து ஒரு பன்றியின் முன்பாதியைக் கொண்டுவந்து அவன் வண்டியின் பின்பலகையில் போட்டாள். அவன் கையைப் பிடித்து உள்ளே நுழைத்து இதயத்தைத் தொட வைத்தாள். கிழட்டு ஆண் பன்றிகளுக்குத் தோளின்மேல் குருத்தெலும்பு பலகை மாதிரி வளர்ந்திருக்கும் என்றும், தன் கத்திகள் எத்தனையோ அதில் மழுங்கியிருக்கின்றன என்றும் சொன்னாள். அவன் கையை உள்ளேயே வைத்துக்கொண்டு யோசித்தான்.

"அப்ப இத்தனை நாளா நான் சுட்டதெல்லாம்?"

"செத்துச்சில்ல?"

"சாகும். ஒரு மைல் ஓடிட்டுச் சாகும்."

"அந்த ஒரு மைல்தான் உன் தப்பு" என்றாள். சோன் ஊர் முழுக்க இதைத் தானே சொல்லிச் சிரித்தான்.

புதருக்குள் ஹவலீனாவும் இருக்கும் என்று அவனுக்கு ஒரு கவலை. பார்க்கப் பன்றிக் குட்டி மாதிரி இருந்தாலும் அது பன்றி இனமே இல்லை; கூட்டமாகத் திரியும், சப்பாத்திக்கள்ளியைத் தின்று வாழும், அரைக் குருடு. மிரண்டால் நாலு பக்கமும் தெறித்து ஓடும். நாம் நிற்கும் பக்கமும் அதில் ஒன்று. டெல்ஃபீனாவுக்கு அதன் உள்கூடு தெரியும். முதுகில் இருக்கும் நாற்றச் சுரப்பியில் கத்தி படாமல் தோலுரிக்கக் கடையில் அவள் ஒருத்தியால்தான் முடியும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும் என்பதும் தெரியும். அதைச் சுட அனுமதிச் சீட்டு வேண்டுமென்பதால் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் சோனின் இரும்புக் கூண்டில் ஏழு பன்றிகள் மாட்டின. "உசுரோட ஒரு தடவை கிட்ட நின்னு பாத்துடுங்க" என்று கூட்டிப் போனான்.

அவள் அறிந்த பன்றி லாரியில் வந்து களைத்து இறங்குவது. இவை களைத்திருக்கவில்லை. அவர்களைக் கண்டதும் கம்பி வலையில் தலையால் இடித்தன. மூக்கு கிழிந்து ரத்தம் தெறித்தது. பின்வாங்கி மறுபடி வந்து அதே இடத்தில் இடித்தன. சோன் சைகை காட்டினான். டெல்ஃபீனா கம்பிக்கு இடையே துப்பாக்கியை நுழைத்து ஒரு பெட்டைப் பன்றியைச் சுட்டாள். அது சரிந்தது. கால்கள் இன்னும் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருக்க, மற்ற ஆறும் அதன்மேல் பாய்ந்தன. வயிற்றைக் கடித்துத் திறந்து தின்னத் தொடங்கின. கீழே கிடந்தது தலையைத் தூக்கித் தன்னைத் தின்பவற்றைப் பார்த்தது.

அவள் மீதி ஆறையும் சுட்டாள். கடைசிப் பன்றி விழுந்தபிறகும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு நின்றாள். சோன் மெதுவாகத் துப்பாக்கிக் குழாயைக் கையால் தாழ்த்தினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு பாடம் சொன்னான். "நாய் கவ்வினதுக்கப்புறம் துப்பாக்கி கிடையாது. நாய்மேல பட்டுடும். நான் பின்னங்காலைப் பிடிச்சுத் தூக்குவேன். தூக்கினா அதால நகர முடியாது. நீங்க இடப்பக்கமா வந்து கத்தியை எறக்கிடணும். அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல."

பிப்ரவரி முதல் வாரம் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. விடியும்போது இருவரும் ஓடைக்கரையில் இருந்தார்கள். டார்ட்டியா ரொட்டியில் அவரையையும் முட்டையையும் சுருட்டித் தின்றுவிட்டு, நாய்களுக்குக் கனத்த மார்க்கவசத்தை மாட்டினார்கள். இரண்டு நாய்கள்தான். மோப்பம் பிடித்துக் குரைத்து நிறுத்தப் புள்ளிக்காரி பிந்தா. பாய்ந்து கவ்வ தோரோ. தோரோ அகன்ற தாடைக்காரன். அவனைக் கயிற்றை விட்டு அவிழ்க்காமல் சோன் கையிலேயே பிடித்திருந்தான்.

சீமைக்கருவேல் புதருக்குள் அரை மணி நேரம் நடந்திருப்பார்கள். கள்ளிக்கூட்டத்துக்குள் பிந்தா குரைத்தது. அதோடு சேர்ந்து, கட்டையோடு கட்டை மோதுவதுபோல் பல் தட்டும் சத்தம்.

"ஹவலீனா!" என்று கத்தினான் சோன். "பிந்தா, வா இங்க! வா!"

நேரம் கடந்துவிட்டது. கள்ளி வெடித்தது மாதிரி பத்துப் பன்னிரண்டு சாம்பல் உருவங்கள் எல்லாப் பக்கமும் தெறித்தன. ஒன்று சோனின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடி அவனை மல்லாக்கத் தள்ளியது. இன்னொன்று ஓடாமல் திரும்பிப் பிந்தாவின் தோளைக் கவ்வியது. கவசம் முடியும் இடத்தில் தோல் பையைப்போல் திறந்து வெள்ளைச் சதை தெரிந்தது. நாய் அலறி உருண்டு விலகிய கணத்தில் டெல்ஃபீனா சுட்டாள். பதினைந்து அடி தூரம். ஹவலீனா நின்ற இடத்திலேயே மடங்கியது. அழுகிய வெங்காயத்தை வியர்வையில் ஊறவைத்ததுபோல் நாற்றம் கிளம்பியது.

சோன் எழுந்து கள்ளிமுள்ளைப் பின்புறத்திலிருந்து பிடுங்கிக்கொண்டே, "கொக்கியில தொங்காததையும் கொன்னுட்டீங்களே, அண்ணி" என்றான்.

டெல்ஃபீனாவுக்கு உள்ளுக்குள் ஒரு சூடு பரவியது. அதைப் பெருமை என்று பிற்பாடு அவளே சொல்வாள். நாயை மடியில் போட்டுக் கிழிந்த தோளை, காயம் மூடவென்று சோன் பையில் வைத்திருக்கும் கம்பி ஊசிகளால் சேர்த்துப் பிணைத்தாள். ஒரு தடவைகூட அவள் கை பிசகவில்லை.

"போதும். நாய் அடிபட்டாச்சு. இன்னொரு நாளைக்கு வருவோம்" என்றான் சோன்.

"ஹவலீனா என் குட்டிங்களைத் தின்னலை."

"அண்ணி..."

"நீ வேணா போ. நான் ஓடையைப் பாத்துட்டு வர்றேன்."

அண்ணியைத் தனியே விட்டுப் போகிறவன் இல்லை அவன். பிந்தாவை வண்டியில் படுக்கவைத்துவிட்டு, தோரோவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

ஓடையின் வளைவில் சேற்றுக்குட்டை. அதில் அது புரண்டுகொண்டிருந்தது. கறுப்பு ஆண் பன்றி, உடம்பெல்லாம் சேறு, முதுகில் ஈட்டி ஈட்டியாக மயிர். மேல்தாடையை மீறி வளைந்த கோரைப்பற்கள் மஞ்சளாக மின்னின. எழுந்து பக்கவாட்டில் நின்றது. அறுபதடி இருக்கும். காற்று அவர்களை நோக்கி வீசியது; அவர்கள் வாடை அதற்கு எட்டவில்லை. பழுப்புத் தாளில் தான் வரைந்த பன்றி அப்படியே வந்து நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. முன்னங்காலுக்கு நடுவில், அடியில். மூச்சைப் பாதி விட்டாள். விரல் அழுத்தியது.

அந்த அரைக் கணத்தில் பன்றி தண்ணீர் குடிக்க ஒரு எட்டு முன்னே வைத்தது.

அப்படியொரு வீறிடலை அவள் கேட்டதில்லை. பன்றி சுழன்று, தன் வயிற்றைத் தானே கடிக்கப் பார்த்து, புதருக்குள் பாய்ந்தது. அது நின்ற இடத்தில் ரத்தத்தோடு பச்சையாக ஏதோ சிந்திக் கிடந்தது. இரைப்பையில் இருப்பது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த நிறம், நன்றாகத் தெரிந்த வாடை.

"வயித்துல பட்டிருக்கு" என்றான் சோன். "சாகும். ஆனா சாயங்காலம் ஆகும். இப்பப் பின்னால போகக் கூடாது."

புதருக்குள்ளிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. டெல்ஃபீனாவால் தாங்க முடியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு மிருகத்தையும் அவள் பாதியில் விட்டதில்லை. ஒரே குத்து என்பது அவளுடைய ஒரே கர்வம்.

"சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கணுமா? அவுத்து விடு நாயை."

"வேணாம் அண்ணி."

"அவுத்து விடுடா!"

அவன் அவிழ்த்தான். தோரோ சத்தமின்றிப் புதருக்குள் புகுந்தது. அடுத்த நிமிடம் மோதல் சத்தம். இருவரும் முள்ளைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். தோரோ பன்றியின் காதைக் கவ்வித் தொங்கியது. பன்றி தலையை ஒரே தடவை கீழிருந்து மேலே வீசியது. கவசத்துக்கும் தொடைக்கும் இடையில் நாயின் வயிறு திறந்தது; குடல் முள்செடியில் மாட்டிக்கொண்டது. நாய் அப்போதும் காதை விடவில்லை.

சோன் பின்னால் பாய்ந்து பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினான். சேறும் ரத்தமும் வழுக்கியது. கால் நழுவியது. பன்றி திரும்பியது. டெல்ஃபீனாவின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சோனின் உடம்பு ஒருமுறை குலுங்கியதும், அவன் உட்கார்ந்துவிட்டதும், உள்தொடையிலிருந்து பளிச்சென்ற ரத்தம் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்சியதும்தான். பன்றி மறுபடி குனிந்தது.

துப்பாக்கி பயனில்லை; நாயும் மனிதனும் பன்றியும் ஒன்றாக உருண்டன. அதைக் கீழே எறிந்துவிட்டுப் பன்றியின் முதுகில் விழுந்தாள். மயிர் முகத்தில் குத்தியது. மேலே குருத்தெலும்புப் பலகை. அங்கே கத்தி ஏறாது. இடது கையை அதன் கழுத்தின் கீழே கொடுத்து வளைத்தாள். கோரைப்பல் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை உழுதது. அவளுக்கு உறைக்கவில்லை. மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியை விரலால் தேடி, அதில் கத்தியை வைத்துப் பிடிவரை இறக்கித் திருப்பினாள். சூடான ரத்தம் தோள்வரை கொட்டியது. பன்றி அவளையும் சுமந்துகொண்டு நாலெட்டு நடந்தது. பிறகு முன்னங்கால்களை மடித்து அமர்ந்தது. அமர்ந்தபடியே செத்தது.

தோரோவின் வாய் இன்னும் அந்தக் காதில் இருந்தது. நாயும் செத்திருந்தது.

அவள் நாய்க்கயிற்றைச் சோனின் தொடையின் மேல்பகுதியில் சுற்றி, ஒரு கருவேலங்கட்டையைச் செருகி முறுக்கினாள். அவன் கத்தினான். இன்னும் முறுக்கினாள். பீய்ச்சல் கசிவாகி நின்றது. அவனை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அரை மாட்டைவிடக் கனம் குறைவுதான். ஆனால் மாடு பேசாது.

"அண்ணி... கால் குளிருது."

"குளிர்காலம்டா. பேசிக்கிட்டே வா."

"அம்பாரோகிட்ட..."

"அதெல்லாம் நீயே சொல்லிக்க. வேற ஏதாச்சும் பேசு. உன் நாய்ங்க பேரெல்லாம் சொல்லு."

அவன் சொன்னான். தோரோவின் பேரையும் சேர்த்துத்தான் சொன்னான். ஐந்தாவது பேருக்குமேல் குரல் இல்லை. மேட்டுச் சாலைக்கு வந்த பிறகுதான் போனில் தொடர்பு கிடைத்தது. ஹெலிகாப்டர் சாலையிலேயே இறங்கியது.

சான் அந்தோனியோ ஆஸ்பத்திரியில் மூன்று தடவை அறுத்துத் தைத்தார்கள். உயிர் தங்கியது. காலும் தங்கியது, ஆனால் பாதம் தூக்க வராது, இனி இழுத்துத்தான் நடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டெல்ஃபீனாவின் முன்கையில் முப்பத்தெட்டுத் தையல்.

நினைவு வந்ததும் சோன் மனைவியிடம் சொன்னது இதுதான்: "நான்தான் சுட்டேன். குறி தப்பிடுச்சு. அண்ணி போக வேணாம்னுதான் சொன்னாங்க."

அம்பாரோ வராந்தாவுக்கு வந்து டெல்ஃபீனாவைக் கட்டிக்கொண்டாள். கட்டுப்போட்ட கையை முத்தமிட்டாள். "அந்த மடையன் பண்ணின வேலைக்கு உங்க கை போச்சே. நீங்க இல்லேன்னா நான் இந்நேரம் சவப்பெட்டி பாத்துக்கிட்டிருப்பேன்" என்று அழுதாள். சேதி கேட்டு ஓடிவந்திருந்த ரொஹேலியோ பக்கத்தில் நின்றான். டெல்ஃபீனா வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. அம்பாரோ வீட்டிலிருந்து அவளுக்கென்று தனியாகச் சமைத்துக் கொண்டுவந்தாள். அதை விழுங்க முடியாமல்தான் மூன்றாம் நாள் சொன்னாள்.

"சுட்டது நான். அவன் ரெண்டு தடவை போயிடலாம்னான். நாயை அவுக்க வச்சதும் நான்தான்."

அம்பாரோ கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு அறைந்தாள். இரண்டாவது முறை முஷ்டியால். துப்பாக்கி பிளந்த அதே உதடு மறுபடி பிளந்தது. டெல்ஃபீனா கையைத் தூக்கவில்லை. தாச்சோவைப் பலகையில் தைத்தவள், தன்னைவிட ஒரு சாண் உயரம் குறைந்த பெண்ணிடம் நின்று வாங்கிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போன்னு நானே சொன்னேனே" என்றாள் அம்பாரோ. அதை டெல்ஃபீனாவிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள். பிறகு, "போங்க. என் கண்ணுல படாதீங்க" என்றாள்.

ரொஹேலியோவும் அவளும் ஓடைக்குப் போய்த் தோரோவைப் புதைத்தார்கள். பன்றியைக் கழுகுகள் பாதி தின்றிருந்தன. ஆனாலும் அவள் மண்டியிட்டு, தோட்டா போன வழியை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் பின்னே. கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

"எதுக்கு அதெல்லாம்?" என்றான் ரொஹேலியோ.

"தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

அதன்பிறகும் பன்றிகள் வந்தன. ஒன்றைக் கொன்றதால் அவற்றுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மார்ச் மாதத்தில் இன்னும் நாலு குட்டிகள் போயின. டெல்ஃபீனா வேலிக்கு உள்ளேயே ஒரு மேடை கட்டிக்கொண்டு, விடியற்காலையில் தனியே உட்கார்ந்து சுட்டாள். தலையை மண்ணில் வைத்துத் தின்றுகொண்டு நிற்பதை மட்டும்தான். ஒரு எட்டு நகர்ந்தாலும் விரலை எடுத்துவிடுவாள். அப்படிப் பலவற்றைத் தப்பவிட்டாள். பிந்தா கீழே கட்டிக் கிடக்கும். சோன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மீதி ஆறு நாய்களும் வீட்டுக்கு ஒன்றாகப் போய்விட்டன. பிந்தா அவளிடம் வந்தது.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, கடை வெறிச்சோடியிருந்த மதிய நேரத்தில் அம்பாரோ உள்ளே வந்தாள். கறி வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு உட்பக்கம் வேறு யாரும் இல்லை. டெல்ஃபீனாதான் வெட்டியாக வேண்டும்.

"பன்னித் தோள்கறி. மூணு பவுண்டு. கொழுப்பை எடுத்துடுங்க."

டெல்ஃபீனா வெட்டினாள். கொழுப்பை எடுத்தாள். தாளில் சுற்றினாள்.

"நேத்து வேலி வரைக்கும் நடந்தாரு" என்றாள் அம்பாரோ, பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே. "நாயைக் கேக்குறாரு."

"கொண்டு வரட்டுமா?"

"நான் இன்னும் மன்னிக்கலை."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க." கதவருகே போய் நின்றாள். "சாப்பாட்டு நேரத்துக்கு வேணாம். அப்புறமா வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அந்த வீட்டில் பாத்திரம் கழுவி முடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, டெல்ஃபீனா பிந்தாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். சோன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். நாய் கயிற்றை அறுத்துக்கொள்வதுபோல் இழுத்தது. அவள் விட்டுவிட்டாள்.